கருவியின் மறுமுனை

மனிதன் கைக்கொண்ட கருவி ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனைகள் உண்டு. ஒன்று தொழிலைச் செய்யும் முனை. மற்றையது கை பற்றும் முனை. மண்வெட்டியின் அலகு எத்துணைக் கூர்மையுடையதாயினும், அதன் பிடி உழவனுடைய கைக்குப் பொருந்தாதாயின், அன்றைய வேலை உள்ளங்கைக் கொப்புளத்தோடு முடிந்துவிடும். இவ்வுண்மையைக் கொல்லரும் தச்சரும் என்றும் மறந்ததில்லை. ஆனால், படைக்கலங்களைப் பற்றி எழுதியோரும் அவற்றை வாங்கிய அரசாங்கங்களும் பெரும்பாலும் முதல் முனையைப் பற்றியே பேசி வந்தனர். ரவை எவ்வளவு பெரியது, எவ்வளவு விரைவாகச் செல்லும் என்பனவே அவர்தம் வினாக்கள். பற்றுகின்ற கை யாருடையது, அது எவ்வளவு உதைப்பைத் தாங்கும் என்னும் வினா நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. அவ்வாறு அது கிடந்ததனால் விளைந்தவற்றையும், பின்னர் அது மேலெழுந்த வகையையும், பிளாஸ்ரிக் உடற்சட்டங் கொண்ட கைத்துப்பாக்கியின் வரலாறு தெளிவாக உணர்த்துகின்றது.

முதலில் உதைப்பு என்பது யாதென அறிதல் வேண்டும். ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமனும் எதிருமான மறுதாக்கம் உண்டு என்பது நியூற்றன் வகுத்த விதி. ரவை முன்னே பாயும்போது, அதன் திணிவையும் வேகத்தையும் பெருக்க வரும் உந்தத்துக்குச் சமனான உந்தம் துப்பாக்கியைப் பின்னே தள்ளுகின்றது. ரவையோடு வெளிப்படும் வெடிமருந்து வாயுவும் தன் பங்குக்குச் சிறிது தள்ளும். 9 மில்லிமீற்றர்த் தோட்டாவின் ரவை ஏறக்குறைய 8 கிராம் நிறையுடையது. செக்கனுக்கு 360 மீற்றர் அளவில் செல்வது. அமெரிக்கர் போற்றிய ·45 அங்குலத் தோட்டாவின் ரவையோ ஏறக்குறைய 15 கிராம்; அதன் வேகம் செக்கனுக்கு 255 மீற்றர் அளவினது. கணக்கிட்டுப் பார்ப்பின், பின்னதன் உந்தம் முன்னதனிலும் மூன்றிலொரு பங்கு கூடியதாகும். கையில் உணரப்படும் சக்தியோ உந்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. துப்பாக்கியின் எடைக்கு ஏற்பக் குறைவது. ஆதலின், கனத்த துப்பாக்கி மெல்லத் தள்ளும். இலேசான துப்பாக்கி சுருக்கென உதைக்கும். இவ்விரண்டு விதிகளுக்கும் இடையே அகப்பட்டுத் தவித்தது மனிதனுடைய கை.

பெரிய ரவையின் மேல் அமெரிக்கர் கொண்ட பற்றுக்குப் பிலிப்பைன் தீவுகளில் நிகழ்ந்த போரே வித்து. தம் மண்ணிற் புகுந்த அமெரிக்கப் படையை எதிர்த்துப் போரிட்ட மோரோ மக்கள், ·38 அங்குலச் சுழல் துப்பாக்கியின் ரவை உடலிற் பாய்ந்த பின்னும் வாளோடு முன்னேறி வந்தனர் எனப் படையினர் முறையிட்டனர். அதன்மேல் 1904ஆம் ஆண்டிலே கப்டன் ஜோன் ரொம்சன், மேஜர் லூயி லாகார்ட் என்னும் இருவரிடம் ஆராயும் பணி ஒப்படைக்கப்பட்டது. சிக்காக்கோ நகரத்து இறைச்சித் தொட்டிகளிலே உயிருள்ள மாடுகளையும், அதுவன்றி மனிதப் பிணங்களையும் சுட்டுப் பார்த்து, ·45 அங்குலத்துக்குக் குறையாத ரவையே படைக்கு வேண்டும் என அவர்கள் முடிவு கூறினர். இம்முடிவை உலகம் நினைவில் வைத்துக்கொண்டது. ஆனால் அதே அறிக்கை, உடலின் பெரும்பாகத்தில் எந்தக் கைத்துப்பாக்கி ரவை பட்டாலும் எதிரி உடனே வீழ்வான் என்பதற்கு உறுதியில்லை என்றும், ஆதலாற் குறிதவறாது சுடுவதற்கு வீரரை இடைவிடாது பழக்க வேண்டும் என்றும் கூறியதைப் பெரும்பாலோர் மறந்துவிட்டனர். அவ்வறிக்கையின் முற்பாதி ரவையைப் பற்றியது. பிற்பாதி கையைப் பற்றியது. முற்பாதிக்கே செவிகள் திறந்திருந்தன.

அம்முடிவின் பயனாக ஜோன் மோசஸ் பிரௌணிங் என்னும் மேதை அமைத்த ·45 அங்குலக் கைத்துப்பாக்கியை அமெரிக்கப் படை 1911ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அது முழுவதும் உருக்கினால் ஆயது; ஏறக்குறைய 1·1 கிலோகிராம் எடையுள்ளது. அந்த எடையே பெரிய ரவையின் உதைப்பை விழுங்கிற்று. எனினும் முதலாம் உலகப் போர் முடிந்த பின், எல்லார் கைகளும் ஓரளவினவல்ல என்பதைப் படை உணர்ந்தது. 1920களின் நடுப்பகுதியில் அத்துப்பாக்கி திருத்தப்பட்டபோது மாற்றப்பட்டவை குழலோ தோட்டாவோ அல்ல. விசை குறுக்கப்பட்டது, விரல் எட்டுதற்காக விசையின் பின்னே உடற்சட்டத்தின் இருமருங்கும் சிறிது செதுக்கப்பட்டது, பிடியின் பின்புறம் உள்ளங்கைக்கு ஏற்ப வளைத்தமைக்கப்பட்டது. கருவியின் மறுமுனைக்குக் கிடைத்த முதற் கவனிப்புகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

ஐரோப்பாவோ வேறு வழியிற் சென்றது. ஜேர்மனியில் ஜோர்ஜ் லூகர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய 9 மில்லிமீற்றர்த் தோட்டாவை அந்நாட்டுக் கடற்படை 1904இலும் தரைப்படை 1908இலும் ஏற்றுக்கொண்டன. காலப்போக்கில் உலகப் படைகளுட் பெரும்பாலானவை அத்தோட்டாவையே தழுவின. பிரௌணிங் 1926இல் இறந்த பின், அவர் தொடங்கிவைத்த வேலையைப் பெல்ஜியத்திலே டியூடொனே செவ் என்பவர் நிறைவு செய்தார். 1935இல் வெளிவந்த அத்துப்பாக்கியின் ரவைக்கூட்டில் தோட்டாக்கள் ஒற்றை வரிசையில் நில்லாது, மாறிமாறி இரட்டை வரிசையாக அடுக்கப்பட்டன. பதின்மூன்று தோட்டாக்கள் அதில் அடங்கின. ஆனால் ரவைக்கூடு இருப்பது பிடியின் உள்ளே. கூடு பருத்தாற் பிடியும் பருக்கும். உருக்குச் சட்டத்தின் இருபுறமும் மரத்தகடோ வேறு தகடோ திருகாணியாற் பூட்டப்பட்டதனால் அப்பருமை மேலும் மிகுந்தது. தோட்டாக்களின் தொகை கூடக் கூடக் கை விரிய வேண்டியதாயிற்று. இச்சிக்கலை அவிழ்க்க உருக்கினால் இயலவில்லை; அதற்குப் புதியதொரு பொருள் வேண்டியிருந்தது.

அப்பொருளை வழங்கியவர்கள் இரசாயன அறிஞர். பல்பகுதியம் எனப்படும் பிளாஸ்ரிக் வகைகளுள் நைலோன் வலிமை மிக்கது. எண்ணெயும் ஈரமும் அதனை எளிதில் அரிக்கமாட்டா. அமெரிக்காவின் றெமிங்ரன் ஆலை 1959இல் நைலோன் உடலுடைய சிறு நீள்துப்பாக்கியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. கைத்துப்பாக்கியில் இம்முயற்சியை முதன்முதல் மேற்கொண்டது மேற்கு ஜேர்மனியின் ஹெக்லர்-கொக் நிறுவனம். 1970இல் அது வெளியிட்ட வீ.பி.70 என்னும் துப்பாக்கியின் உடற்சட்டம் பிளாஸ்ரிக்கினால் ஆயது. பதினெட்டுத் தோட்டாக்கள் கொள்வது. ஆயினும் அதன் விசையை இழுப்பது பெரும்பாடாயிருந்தமையால் அது மக்கள் மனத்தைக் கவரவில்லை. பொருள் புதியதாயிருந்தும் கை அதனோடு இணங்கவில்லை.

கையும் பொருளும் இணங்கும் வண்ணம் செய்தவர், துப்பாக்கித் தொழிலுக்கே புதியவரான ஒருவர். ஒஸ்திரியா நாட்டில் வியன்னாவுக்கு அருகேயுள்ள டொயிச்-வாக்ராம் என்னும் ஊரில் காஸ்ரன் குளொக் என்பவர் 1963இல் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கினார். திரைச்சீலைக் கம்பிகளும் படையினர்க்கான கத்திகளும் அங்கே செய்யப்பட்டன. பிளாஸ்ரிக்கை உருக்கி அச்சில் வார்ப்பதில் அவர் தேர்ந்தவர். துப்பாக்கி செய்வதில் முன்னனுபவம் இல்லாதவர். 1980இல் ஒஸ்திரியப் படை தன் பழைய வோல்தர்த் துப்பாக்கிகளுக்கு மாற்றுத் தேடியபோது, ஐம்பது வயதைக் கடந்திருந்த அவரும் போட்டியில் இறங்கினார். பழைய வழக்கம் எதுவும் அவர் மனத்தைக் கட்டுப்படுத்தவில்லை. 1982இல் அவருடைய துப்பாக்கியே தெரிந்தெடுக்கப்பட்டது. படை 25,000 துப்பாக்கிகளுக்குக் கட்டளையிட்டது. குளொக் 17 என உலகெங்கும் பெயர்பெற்றது அதுவே. 2023 டிசெம்பரில் அவர் காலமானபோது அவர் வயது 94.

அத்துப்பாக்கியின் சிறப்பு இலேசாயிருத்தல் மாத்திரம் அன்று. அதன் உடற்சட்டமே பிடியாகவும் அமைந்தது. தனித்தகடு பூட்ட வேண்டிய தேவை ஒழிந்தது. ஆகவே பதினேழு தோட்டாக்கள் உள்ளே இருந்தும் பிடி அளவுக்கு மிஞ்சிப் பருக்கவில்லை. மேலே முன்னும் பின்னும் ஓடும் உருக்குப் பகுதி, சட்டத்தினுள் வார்த்துப் பதிக்கப்பட்ட சிறு உருக்குத் தண்டவாளங்களின் மேல் ஓடியது. குழல் கைக்கு மிக அண்மையில் தாழ அமைந்திருந்தமையால், உதைப்பின்போது வாய்ப்புறம் மேலெழும் அளவு குறைந்தது. கைக்கும் குழலுக்கும் இடைத்தூரம் கூடுந்தோறும் துப்பாக்கி நெம்புகோல்போல் மேலே கிளம்பும் என்பது யாவரும் உணரத்தக்கதே. தோட்டாக்கள் இன்றி அதன் எடை ஏறக்குறைய 625 கிராம். இவ்வளவு இலேசான கருவி கடுமையாக உதைக்கும் என எதிர்பார்த்தோர் பலர். பிளாஸ்ரிக் உதைப்பின் மொத்த உந்தத்தைக் குறைப்பதில்லை. எனினும் சட்டம் மயிரிழையளவு வளைந்து கொடுத்து, அடியைச் சிறிது நேரத்துக்குப் பரப்புவதாகப் பயன்படுத்தியோர் உணர்ந்தனர்.

புதுமை எதுவும் அச்சத்தோடுதான் வரவேற்கப்படும். 1986இல் அமெரிக்கச் செய்தித்தாள்கள், விமான நிலையத்துச் சோதனைக் கருவிகளின் கண்ணிற் படாத பிளாஸ்ரிக் துப்பாக்கி வந்துவிட்டதெனப் பரபரப்பை மூட்டின. உண்மையில் அத்துப்பாக்கியின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டது உருக்கு. இருந்தும் 1988இல் அமெரிக்கப் பேரவை, ஏறக்குறைய 105 கிராம் உருக்குக்கு ஈடான உலோகமேனும் இல்லாத துப்பாக்கியைத் தடை செய்து சட்டமியற்றியது. அச்சட்டத்தால் குளொக்குக்கு இடையூறு நேரவில்லை. எழுந்த ஆரவாரமோ அதன் பெயரை அமெரிக்காவின் மூலைமுடுக்கெங்கும் கொண்டு சென்றது.

இந்நிலையில், 1986 ஏப்பிரல் 11ஆம் நாள் மயாமி நகரில் ஒரு துயர நிகழ்ச்சி நேர்ந்தது. வங்கிக் கொள்ளையர் இருவரை எப்.பி.ஐ. எனப்படும் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகத்தினர் எண்மர் வழிமறித்தனர். ஐந்து நிமிடத்துக்கும் குறைந்த அச்சண்டையில் பணியகத்தினர் இருவர் மாண்டனர்; ஐவர் காயமுற்றனர். கொள்ளையர் இருவரும் இறந்தனர். தொடக்கத்திலேயே ஒரு கொள்ளையனுடைய கையைத் துளைத்து மார்பிற் பாய்ந்த 9 மில்லிமீற்றர் ரவை, இதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது. அவன் அதன் பின்னும் நீள்துப்பாக்கியாற் சுட்டே அவ்விருவரையும் கொன்றான். கைத்துப்பாக்கிகளோடு நீள்துப்பாக்கியை எதிர்கொண்டமை முதலிய காரணங்கள் பல இருந்தும், பழி அனைத்தும் அந்த ஒரு ரவையின் மேல் விழுந்தது. பிலிப்பைன் தீவுகளில் எழுந்த பழைய குரல் மீண்டும் ஒலித்தது. ரவை பெரிதாக வேண்டும் என்றனர்.

பணியகம் 10 மில்லிமீற்றர்த் தோட்டாவை நாடியது. முதன்முதல் விற்பனைக்கு வந்த அவ்வகைத் தோட்டா 13 கிராம் ரவையைச் செக்கனுக்கு 365 மீற்றர் வேகத்திற் செலுத்துவது. அதன் உந்தம் 9 மில்லிமீற்றரினும் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்டது. அவ்வளவு உதைப்பை எல்லா அலுவலரும் தாங்கார் என்பதைப் பணியகம் விரைவில் உணர்ந்து, வெடிமருந்தைக் குறைத்து, 11·7 கிராம் ரவையைச் செக்கனுக்கு 290 மீற்றர் அளவில் மட்டும் செலுத்தும் மென்தோட்டாவைத் தெரிந்தது. அதற்கென வாங்கப்பட்டது உருக்கினாலான பெரிய துப்பாக்கி. 1972 முதல் பெண்களையும் புலனாய்வாளராய்ச் சேர்த்துவந்த அப்பணியகத்தில், சிறிய கையுடையோர்க்கு அக்கருவி பெருஞ்சுமை. கருவியின் முன்முனை வென்றது, மறுமுனை தோற்றது.

மருந்து குறைந்தால் தோட்டாவின் கூட்டில் வெற்றிடம் மிஞ்சும். அவ்வெற்றிடத்தைக் கண்ட சிமித்-வெசன், வின்செஸ்ரர் நிறுவனத்தார், கூட்டின் நீளத்தை 25 மில்லிமீற்றரிலிருந்து 22 மில்லிமீற்றர் அளவுக்குக் குறுக்கி, 1990 ஜனவரியில் ·40 அங்குலத் தோட்டாவை வெளியிட்டனர். இதன் நுட்பம் பிடியைப் பற்றியதே. ரவைக்கூடு பிடியினுள் இருப்பதால், தோட்டாவின் நீளமே பிடியின் முன்பின் ஆழத்தை முடிவு செய்கின்றது. 9 மில்லிமீற்றர்த் தோட்டாவின் முழுநீளம் 30 மில்லிமீற்றருக்குச் சற்றே குறைவு. ·40 அங்குலத் தோட்டா 29 மில்லிமீற்றருக்கு உட்பட்டது. ·45 அங்குலத் தோட்டாவும் 10 மில்லிமீற்றர்த் தோட்டாவும் 32 மில்லிமீற்றர் அளவின. ஆகவே புதிய தோட்டா 9 மில்லிமீற்றர்த் துப்பாக்கியின் பிடிக்குள்ளேயே அடங்கிற்று. குளொக் ஆலை தன் பழைய சட்டத்தின் அளவை மாற்றாமலே, பதினைந்து தோட்டாக்கள் கொள்ளும் குளொக் 22ஐ விரைந்து விற்பனைக்கு விட்டது. அமெரிக்கப் பொலிஸ் நிலையங்கள் பல அதனைத் தழுவின. எப்.பி.ஐ.யும் 1997இல் அதனை ஏற்றது.

பிடி ஒன்றாயினும் உதைப்பு ஒன்றன்று. அதே சட்டத்திலிருந்து வெளிப்படும் உந்தம் ஐந்திலொரு பங்கு கூடியது. எடை ஏறக்குறைய மாறாதிருக்க உந்தம் ஐந்திலொரு பங்கு கூடினால், உதைப்பின் சக்தி நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கூடும். ·45இன் உதைப்பு கனத்த துப்பாக்கியில் மெல்லத் தள்ளுவது என்றும், ·40இன் உதைப்பு இலேசான துப்பாக்கியிற் சுருக்கெனக் கிளம்புவது என்றும் இரண்டையும் பயன்படுத்தியோர் வேறுபடுத்திக் கூறினர். 1995இல் உள்ளாடைக்குள் மறைத்து வைக்கத்தக்க சிறு குளொக்குகள் 9 மில்லிமீற்றரிலும் ·40இலும் ஒரே வடிவில் வந்தபோது இவ்வேறுபாடு மேலும் தெளிவாயிற்று. கடைசிச் சிறுவிரலுக்கு இடமில்லாத குறும்பிடியில் ·40இன் உதைப்பை அடக்குவது எளிதன்று.

மறுபுறம், ·45, 10 மில்லிமீற்றர் ஆகிய தோட்டாக்களுக்கென 1990களின் தொடக்கத்தில் வந்த பெரிய குளொக்குகள் வேறொரு முறைப்பாட்டை எழுப்பின. அவற்றின் உதைப்பைத் தாங்கக்கூடியவர்க்கும் பிடி கைக்குள் அடங்கவில்லை. பிடி ஆழமானாற் சுட்டுவிரல் விசையை நேரே எட்டாது. எட்டுதற்காகக் கையைச் சுற்றிப் பிடித்தாற் குழல் முன்கையின் நேர்கோட்டிலிருந்து விலகும். விலகிய குழலின் உதைப்பு முழுவதும் பெருவிரல் மூட்டில் வந்து விழும். இவ்வாறு பிடியின் பொருத்தமும் உதைப்பின் உணர்வும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது தெளிவாயிற்று. ·45 அங்குலக் குளொக்கின் பிடியை முன்பின் குறுக்கிய வடிவம் 2007இற்றான் வெளிவந்தது.

பிளாஸ்ரிக்கின் உண்மையான பேறு இவ்விடத்திலேயே விளங்கிற்று. அச்சில் வார்க்கும் பொருளாதலின், பிடியின் பின்புறத்தைத் தனித்துண்டாகச் செய்து, கைக்கேற்ப மாற்றிப் பூட்டுதல் எளிது. ஜேர்மனியின் வோல்தர் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் வெளியிட்ட பீ.99 என்னும் துப்பாக்கியில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூவகைப் பின்துண்டுகள் தரப்பட்டன. சிமித்-வெசன் நிறுவனம் 2005இல் அதே வழியிற் சென்றது. ஹெக்லர்-கொக் நிறுவனம் 2006இல் பக்கத்துண்டுகளையும் மாற்றத்தக்கனவாக்கியது. குளொக்கும் 2010இல் இம்முறையை மேற்கொண்டது. அது 1990களின் பிற்பகுதியிற் பிடியில் அமைத்த விரற்பள்ளங்கள், தம் விரல்கள் அப்பள்ளங்களில் அமையாதவர்க்கு இடைஞ்சலாயிருந்தமையால், 2017இல் வந்த வடிவிலிருந்து நீக்கப்பட்டன. கைக்கு இதம் தரவென்று ஒருவன் அமைக்கும் வடிவு இன்னொருவன் கைக்கு முள்ளாகலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

இதற்கிடையே ரவை செய்யும் தொழிலும் வளர்ந்தது. மயாமித் துயரின் பின் பணியகம் வகுத்த அளவுகோலின்படி, ஊன்பசைக் கட்டியிற் சுடப்படும் ரவை 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும். நுனியிற் குழியுடைய புதிய 9 மில்லிமீற்றர் ரவைகள் அவ்வளவை எட்டின. 2014இல் பணியகத்தின் பயிற்சிப் பிரிவு ஒரு முடிவுக்கு வந்தது. நல்ல ரவையாயின் மூவகைத் தோட்டாக்களும் உண்டாக்கும் காயங்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சுடுவோருட் பெரும்பாலோர் 9 மில்லிமீற்றரிலேயே விரைவாகவும் குறிதவறாமலும் சுடுகின்றனர். உண்மையான மோதல்களிற் பொலிசார் சுடும் ரவைகளுட் பத்துக்கு ஏழெட்டுக் குறிதவறுகின்றன என்பன அதன் சாரம். 2016இல் பணியகம் 9 மில்லிமீற்றர்க் குளொக்கையே வாங்க ஒப்பந்தம் செய்தது. 1986இற் பழிக்கப்பட்ட தோட்டா முப்பது ஆண்டுகளின் பின் மீண்டும் அரியணை ஏறியது. 2017 ஜனவரியில் அமெரிக்கத் தரைப்படையும் பிளாஸ்ரிக் பிடியுடைய 9 மில்லிமீற்றர்ச் சிக் துப்பாக்கியைத் தெரிந்தது. அதன் பிடி முழுவதையும் வீரர் கைக்கேற்பச் சிறிதாகவோ பெரிதாகவோ மாற்றிக்கொள்ளலாம். ஒரே பிடிக்குள் எல்லார் கைகளையும் அடக்க முயன்ற 1911ஆம் ஆண்டின் நிலையிலிருந்து படை எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதை இது காட்டும்.

பத்துக்கு ஏழெட்டு என்னும் அவ்வெண்ணிக்கை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. குறிதவறிய ரவை வானிற் கரைந்து போவதில்லை. அது எங்கேனும் சென்று தைக்கும். சுவரிலோ, மரத்திலோ, வழியே போன குழந்தையின் மேலோ. ஆகவே கைக்குப் பொருந்தாத பிடியும் தாங்க மாட்டாத உதைப்பும் சுடுவோனுடைய இதத்தைப் பற்றிய சிறு குறைகள் அல்ல. தொடர்பில்லாத உயிர்களைப் பற்றிய பெரும் பிழைகள். பெரிய ரவை வேண்டும் என்று முழங்கியவர்கள், அது தைக்கும் இடத்தை மட்டுமே எண்ணினார்கள். அது தைக்காமற் போகும் இடத்தை எண்ணவில்லை.

துப்பாக்கி உயிரைப் பறிக்கும் கருவி. அதன் முன்னேற்றம் கண்டு மகிழ்வதற்கு மனித இனத்துக்குக் காரணம் யாதும் இல்லை. எனினும் அதன் வரலாறு புகட்டும் பாடம் துப்பாக்கியோடு நின்றுவிடுவதன்று. 1904இன் அறிக்கையில் இரண்டு பாதிகள் இருந்தன; உலகம் ஒரு பாதியைப் படித்து, மறுபாதியைப் படிக்க நூற்றுப்பத்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. மண்வெட்டிக்குப் பிடி போடும் தச்சன், உழவனுடைய கையைப் பிடித்துப் பார்த்த பின்னரே மரத்திற் கைவைக்கின்றான். பேரரசுகளும் பெருந்தொழிற்சாலைகளும் இவ்வளவு பொருளும் உயிரும் செலவிட்டு இறுதியில் வந்து சேர்ந்த அறிவு, அத்தச்சன் என்றும் அறிந்திருந்ததேயாகும்.